ஈரத்தில் ஒட்டும் மின்வாய்



அறக்கட்டளைச் சொற்பொழிவுக்குப் பெரிய தலைப்பாக எடுப்பது வழக்கம். நான் எடுத்திருப்பது சில ரூபாய் விலையுள்ள ஒரு பொருள். மருத்துவமனையில் நோயாளியின் மார்பில் ஒட்டி, மானிட்டர் வயரை மாட்டுகிறார்களே, அந்த ஸ்டிக்கர். பாடப்புத்தகத்தில் அதற்கு மின்வாய் என்று பெயர். நோயாளிக்கு வியர்த்தால் அது ஏன் கழன்று வருகிறது, கழலாமல் இருக்க என்ன செய்யலாம் என்பதுதான் இன்றைய பேச்சு. இதில் பேச என்ன இருக்கிறது என்று தோன்றலாம். வார்டில் இரவுப் பணி பார்க்கும் செவிலியரைக் கேளுங்கள், ஒரு மணி நேரம் பேசுவார்.

கதையை 1887இலிருந்து தொடங்குகிறேன். லண்டன் செயின்ட் மேரி மருத்துவமனையில் அகஸ்டஸ் வாலர் என்ற உடலியங்கியலாளர், மனித இதயத்தின் மின்துடிப்பை முதன்முதலாக உடலின் மேற்பரப்பிலிருந்தே பதிவு செய்தார். பிறகு செயல்விளக்கம் காட்டுவதற்கு ஜிம்மி என்ற தன் புல்டாக் நாயைப் பழக்கினார். ஜிம்மி உப்புநீர்ப் பாத்திரங்களில் பாதங்களை வைத்துக்கொண்டு சமர்த்தாக நிற்கும். 1909இல் இது நாயைக் கொடுமைப்படுத்துவதாகாதா என்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் கேள்வியே எழுந்தது. நாய் நிற்பது உப்புக் கலந்த தண்ணீரில்தான் என்று அமைச்சர் விளக்க வேண்டியதாயிற்று. நெதர்லாந்தின் லைடன் நகரில் வில்லெம் ஐந்தோவன் நம்பியதும் இதே உப்புநீரைத்தான். அவருடைய இழைக் கால்வனாமீட்டரின் எடை சுமார் 270 கிலோ, இயக்க ஐந்து பேர் வேண்டும். நோயாளி இரண்டு கைகளையும் இடது காலையும் உப்புநீர் வாளிகளில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். 1924இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்றைய ஈசிஜி தாளில் முதல் மூன்று லீடுகளாக வருபவை அந்த மூன்று வாளிகளின் வாரிசுகள்தான்.

ஆக, மின்வாய் பிறந்ததே தண்ணீருக்குள். பிறகு ஏன் ஈரம் அதற்குப் பகையானது? நோயாளி வாளியை விட்டு எழுந்து நடக்கத் தொடங்கியதால்தான். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் நார்மன் ஹோல்டர், நடமாடும் மனிதரின் ஈசிஜியை வானொலி அலை வழியே அனுப்பிக் காட்டினார். 1940களின் கடைசியில் அவர் முதுகில் சுமந்த கருவி ஏறக்குறைய 38 கிலோ. கருவி சட்டைப்பைக்குள் சுருங்கியது, வயரும் போய்க்கொண்டிருக்கிறது. நடக்கிற, தூங்குகிற, வியர்க்கிற உடம்பில் மின்வாயைப் பிடித்து நிறுத்தும் ஒட்டுப்பசை மட்டும் போகவில்லை. மின்சாரத்துக்கு ஈரம் வேண்டும், பசைக்கு ஈரம் ஆகாது. ஒரே ஸ்டிக்கருக்குள் இந்த இரண்டையும் குடிவைக்க வேண்டியிருப்பதுதான் நம் சிக்கல்.

முதலில் மின்சாரப் பக்கம். மார்பில் நாம் தேடும் ஈசிஜி அலையின் உயரம் ஒரு மில்லிவோல்ட் அளவுதான். மூளை அலை அதிலும் பத்தில் ஒரு பங்குக்குக் கீழே. குறுக்கே நிற்பது தோலின் உச்சியில் உள்ள இறந்த செல்களின் அடுக்கு. கை, கால், மார்பில் அதன் தடிமன் 10 முதல் 20 மைக்ரோமீட்டர், தலைமுடியின் குறுக்களவில் கால்வாசி கூட இருக்காது. காய்ந்திருக்கும்போது அது நல்ல மின்காப்பு. ஜெல்லோ வியர்வையோ ஊறினால் வழிவிடும். இன்னொரு தொல்லையும் உண்டு. தோலின் உட்புறத்துக்கும் வெளிப்புறத்துக்கும் இடையே சுமார் 30 மில்லிவோல்ட் மின்னழுத்தம் இருக்கிறது. தோலை இழுத்தால் அது சில மில்லிவோல்ட் மாறும். ஒரு மில்லிவோல்ட் குறியைத் தேடுகிற இடத்தில் இது பெரிய இரைச்சல். கையைத் தூக்கினாலே திரையில் அலை ஏறி இறங்குவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். தோலின் மேலடுக்கை லேசாகத் தேய்த்துவிட்டால் இந்தக் கோளாறு பெருமளவு குறையும் என்று டாமும் வெப்ஸ்டரும் 1977இலேயே காட்டிவிட்டார்கள். இன்றும் பல ஈசிஜி அறைகளில் அதற்கு நேரம் ஒதுக்குவதில்லை.

ஸ்டிக்கரைக் கையில் எடுத்துப் பாருங்கள். நடுவில் வெள்ளி பூசிய ஒரு பிரஸ் பட்டன். அதன் அடியில் வெள்ளிக் குளோரைடு படலம். தோலுக்கும் உலோகத்துக்கும் இடையே அயனிகள் தடையின்றிப் போய்வர அது உதவுகிறது. அதைச் சுற்றி உப்புச் சத்துள்ள ஜெல். வெளி வட்டத்தில் பாலிஎதிலீன் நுரைத்தகடு, அதன் அடியில் அக்ரிலிக் பசை. அதாவது மின்சாரம் நடுவில், பிடிமானம் ஓரத்தில். இந்தப் பிரிவினை நல்ல யோசனைதான். வியர்க்காத அறையில், படுத்திருக்கும் நோயாளியிடம் இது பல மணி நேரம் ஒழுங்காக வேலை செய்யும்.

வியர்த்தால் என்ன ஆகும்? கணக்குப் போட்டுப் பார்ப்போம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே தோலிலிருந்து மணிக்குச் சதுர மீட்டருக்கு 5 முதல் 10 கிராம் நீராவி வெளியேறுகிறது. நாள் முழுக்கச் சேர்த்தால் 120 முதல் 240 கிராம். காயத்தின் மேல் ஒட்டும் மெல்லிய பாலியூரித்தேன் படலங்கள் ஒரு நாளில் சதுர மீட்டருக்குச் சில நூறு கிராம் நீராவியை வெளியே விடும். எனவே சும்மா இருக்கும் உடம்பை அவை சமாளித்துவிடும். வெயிலில் உழைப்பவர் மணிக்கு ஒரு லிட்டர் வியர்ப்பது அசாதாரணமல்ல. உடம்பின் பரப்பை 1.8 சதுர மீட்டர் என்று வைத்தால், சதுர மீட்டருக்கு மணிக்கு ஏறத்தாழ 550 கிராம். படலம் ஒரு நாள் முழுக்க விடக்கூடிய அளவு ஒரே மணி நேரத்தில் வந்து நிற்கிறது. நுரைத்தகடு நீராவியை விடுவதே இல்லை என்று சொல்லலாம்.

அந்த 550 கிராமை வேறு விதமாகவும் பார்க்கலாம். ஒட்டின் அடியில் அப்படியே தேங்கினால் அரை மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமான தண்ணீர்த் தகடு. பசையின் தடிமனோ பொதுவாக 25 முதல் 50 மைக்ரோமீட்டர். பசையைவிடப் பத்து மடங்குக்கு மேல் தடித்த தண்ணீர் அதற்கும் தோலுக்கும் நடுவே புகப் பார்க்கிறது. முன்கையிலோ மார்பிலோ சதுர சென்டிமீட்டருக்கு நூறையொட்டிய வியர்வைச் சுரப்பிகள் இருக்கும் என்று வைத்தால், 12 சதுர சென்டிமீட்டர் ஸ்டிக்கருக்கு அடியில் ஆயிரத்துச் சொச்சம் ஊற்றுக்கண்கள். அவை கசியவிடுவதில்லை, அழுத்தத்தோடு தள்ளுகின்றன. இயற்கை கொஞ்சம் சலுகையும் தருகிறது. மூடிய தோல் நீரில் ஊறி உப்பினால் சுரப்பிகளின் வாய் குறுகி வியர்வை குறையும். ஆனால் அப்படி ஊறிய தோலே அடுத்த பிரச்சினை.

கழன்று விழுந்த ஸ்டிக்கரின் பின்பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பசையின் மேல் மாவு தூவியதுபோல் வெள்ளைப் படிவம் இருக்கும். அவை தோலின் இறந்த செல்கள். பசை தோலை விடவில்லை, ஊறி வலுவிழந்த மேலடுக்குதான் அடுத்த அடுக்கை விட்டுவிட்டது. இதைச் சரியாகப் புரிந்துகொண்டால் 'இன்னும் வலுவான பசை போடலாமே' என்ற யோசனையை அங்கேயே கைவிட்டுவிடலாம். அறுந்த இடம் பசையில் இல்லை. த்ரீ எம் நிறுவனத்தில் பணியாற்றிய கார்ல் டால்குவிஸ்ட் வகுத்த விதி ஒன்று உண்டு. விரலால் அழுத்தினாலே ஒட்டும் பசையின் விறைப்பு சுமார் 0.1 மெகாபாஸ்கலுக்குக் கீழே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மேடுபள்ளங்களில் பாய்ந்து பொருந்தாது. தோலின் வரிப்பள்ளங்களில் தண்ணீர் முந்திக்கொண்டு நிரம்பிவிட்டால், எவ்வளவு மென்மையான பசையும் அங்கே இறங்காது.

வார்டில் இதற்கு என்ன செய்கிறார்கள்? பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைக்கிறார்கள். அது எண்ணெய்ப்பசையை எடுக்கும், தோலையும் வறளவைக்கும். மின்மறுப்பை, அதாவது மின்னோட்டத்துக்குத் தோல் தரும் தடையைப் பொறுத்தவரை சோப்பும் தண்ணீரும் போட்டுத் துடைத்து, காஸ் துணியால் நன்றாக உலர்த்துவதே மேல். மேலே மைக்ரோபோர் டேப் ஒட்டுகிறார்கள். பழைய அனுபவசாலிகள் டிங்சர் பென்சாயின் தடவி, அது காய்ந்து பிசுபிசுத்த பிறகு ஒட்டுவார்கள். அந்தப் பென்சாயின் வேறொன்றுமில்லை, நம் வீட்டுச் சாம்பிராணிப் பிசின். அதைச் சாராயத்தில் கரைத்ததுதான் டிங்சர். நன்றாகவே பிடிக்கும், சிலருக்குத் தோல் அழற்சியும் தரும். இவையெல்லாம் வடிவமைப்பாளர் செய்யாமல் விட்ட வேலையைச் செவிலியர் செய்து முடிக்கும் கதை. பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் மின்வாய்களைத் தினமும் மாற்றிப் பார்த்தார்கள். படுக்கை ஒன்றுக்கு வரும் மானிட்டர் அலாரங்கள் சராசரியாக 46 சதவீதம் குறைந்தன. 2013இல் வெளியான முடிவு அது. அலறலில் பாதிக்கு அருகில் நோயாளியின் இதயத்திலிருந்து வரவில்லை, காய்ந்த ஜெல்லிலிருந்தும் கழன்ற ஓரத்திலிருந்தும் வந்திருக்கிறது. பொய் அலாரம் கேட்டுக் கேட்டுச் சலித்த காது, மெய் அலாரத்தையும் தாமதமாகத்தான் கேட்கும்.

வலுவான பசை கூடாது என்பதற்கு இன்னும் கடுமையான காரணம் பச்சிளம் குழந்தைகள் பிரிவில் இருக்கிறது. 24, 25 வாரங்களில் பிறந்த குழந்தைக்குத் தோலின் காப்பு அடுக்கு உருவாகியே இருக்காது. உடம்பு நீரை இழந்துவிடாமல் இருக்க இன்குபேட்டருக்குள் ஈரப்பதத்தை 70, 80 சதவீதமாக வைக்கிறார்கள். அங்கேதான் மின்வாயும் ஒட்ட வேண்டும். அந்தத் தோலின் மேலடுக்குக்கும் உள்ளடுக்குக்கும் உள்ள பிணைப்பைவிடப் பசையின் பிடி வலுவாகிவிட்டால், ஸ்டிக்கரோடு தோலும் வரும். பெரியவர்களிடம் நாம் வலி என்று சொல்வது அங்கே திறந்த புண், தொற்றுக்கு வாசல். 2019இல் ஜான் ராஜர்ஸ் குழு நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்திலிருந்து வயர் இல்லாத, தோலைப் போலவே வளையும் மெல்லிய சென்சார்களை இத்தகைய குழந்தைகளிடம் பயன்படுத்திக் காட்டியது. இழுக்கும் வயரை எடுத்ததிலேயே பாதி வேலை முடிந்தது என்பது என் கருத்து. பிடித்து இழுக்க எதுவும் இல்லாவிட்டால் மெல்லிய பிடியே போதும்.

நம் ஊரில் கோடிக்கணக்கான பெண்கள் நெற்றியில் ஒட்டும் ஸ்டிக்கர் பொட்டையும் ஒரு தோல்ஒட்டாகவே பார்க்கிறேன். நெற்றி உடம்பிலேயே அதிகமாக வியர்க்கும் இடங்களில் ஒன்று. ஆனாலும் பொட்டு பெரும்பாலும் நிற்கிறது. அது சிறியது, எடையற்றது, மையத்திலிருந்து ஓரத்துக்கு நாலைந்து மில்லிமீட்டர்தான், ஊறும் நீருக்கு வெளியேறும் வழி பக்கத்திலேயே இருக்கிறது. அதே பொட்டு ஒட்டிய இடத்தில் சிலருக்கு வெள்ளையாக நிறமிழப்பு வருவதைத் தோல் மருத்துவர்கள் நெடுங்காலமாகப் பார்த்துவருகிறார்கள். பசையில் சேரும் பாரா டெர்ஷியரி பியூட்டைல் பீனால் என்ற வேதிப்பொருள் நிறமிச் செல்களைக் கெடுக்கிறது. ஒட்டு நின்றுவிட்டது, தோல் போய்விட்டது என்றால் அதை நம்பகமான வடிவமைப்பு என்று நான் ஏற்கமாட்டேன்.

தண்ணீர் எங்கே போகும் என்பதை முடிவு செய்துவிட்டு அதற்குப் பிறகு பசையைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதுதான் நான் இங்கே வாதிட வந்தது. கடந்த பதினைந்து ஆண்டு ஆராய்ச்சியை இந்தக் கண்ணோடு பார்த்தால் எது ஆழமானது, எது படத்துக்கு அழகானது என்று ஓரளவு தெரியும்.

சிலர் தண்ணீரைக் குடிக்கவைத்தார்கள். குடல் அறுவைக்குப் பின் வயிற்றில் பை ஒட்டுபவர்கள் பயன்படுத்தும் ஹைட்ரோகொல்லாய்டு ஒட்டு அந்த வகை. பெக்டின், கார்பாக்சிமெதில் செல்லுலோஸ் போன்ற நீருறிஞ்சிகளை ரப்பர்ப் பசையில் கலந்தது. நாள்கணக்கில் நிற்கிறது, உறிஞ்சி நிரம்பியதும் கொழகொழத்துவிடுகிறது. இதையே நொடிக்கணக்கில் செய்துகாட்டியது எம்ஐடியில் ஹியுன்வூ யுக், ஷுவான்ஹே ஷாவோ குழுவின் 2019ஆம் ஆண்டு இருபக்க ஒட்டு. காய்ந்த பாலிஅக்ரிலிக் அமிலப் படலம் ஈரத் திசுவின் மேல் வைத்ததும் இடையிலுள்ள நீரை உறிஞ்சி, சில நொடிகளில் திசுவோடு வேதிப்பிணைப்பே கொள்கிறது. அறுவை மேசையில் அற்புதம். நாளை உரித்தெடுக்க வேண்டிய மார்பு ஸ்டிக்கருக்கு அவ்வளவு நெருங்கிய உறவு தேவையில்லை.

வேறு சிலர் கதவைத் திறந்துவிட்டார்கள். டோக்கியோ பல்கலைக்கழகத்தில் தகாவோ சொமேயா குழு 2017இல் செய்தது எனக்கு மிகவும் பிடித்த வேலை. பாலிவினைல் ஆல்கஹால் நுண்ணிழைகளை வலைபோல் நூற்று, அதன்மேல் தங்கம் பூசி, தோலில் வைத்துத் தண்ணீர் தெளிக்கிறார்கள். இழை கரைந்து போய்விடும், தங்க வலை மட்டும் தோலின் ரேகைகளில் படிந்து நிற்கும். ஒட்டுவதற்கே தண்ணீரைப் பயன்படுத்திய துணிச்சலைக் கவனியுங்கள். காற்றும் நீராவியும் வலைக்குள் புகுந்து போகின்றன, ஒரு வாரம் வைத்தும் அழற்சி வெகுவாகக் குறைந்திருந்தது. உரசினால் தாங்குமா, சட்டை போட்டால் நிற்குமா என்ற கேள்விகள் அதற்கும் உண்டு. 2021இல் எம்ஐடியின் ஜீவான் கிம் குழு வேறு பாதையில் போனது. வியர்வைத் துளைகளுக்கு இடையிலுள்ள தூரத்தைவிட நெருக்கமாகத் துளையிட்ட மின்தோலைச் செய்தார்கள். எந்தச் சுரப்பி எங்கே இருந்தாலும் அதன் தலைக்குமேல் ஒரு துளை கிடைத்துவிடும். கணக்கு தெளிவு. சதுர சென்டிமீட்டருக்கு நூறு சுரப்பி என்றால் இடைவெளி சுமார் ஒரு மில்லிமீட்டர். நுரைத்தகட்டிலும் இந்தக் கணக்கைப் போட்டிருக்கலாம், எழுபதுகளிலேயே போட்டிருக்கலாம்.

விலங்குகளைப் பார்த்துக் கற்றவர்கள் மூன்றாவது கூட்டம். மரத்தவளையின் விரல்நுனியில் அறுகோணச் செல்களும் அவற்றினிடையே வாய்க்கால்களும் இருக்கின்றன. நனைந்த இலையை மிதித்ததும் நீர் அந்த வாய்க்கால்களில் வடிந்து, விரல் இலையைத் தொடும். 2007இல் பல்லியின் பாத இழைகளையும் பாறையில் ஒட்டும் சிப்பியின் பசை வேதியியலையும் இணைத்து, ஈரத்திலும் வறட்சியிலும் மீண்டும் மீண்டும் ஒட்டும் பரப்பை மெசர்ஸ்மித் குழு உருவாக்கியது. 2017இல் கொரியாவின் சங்கியூன்குவான் பல்கலைக்கழகத்தில் சாங்யுன் பாங் குழு ஆக்டோபஸ் உறிஞ்சிகளைப் பின்பற்றி நீருக்குள்ளும் ஒட்டும் பட்டையைச் செய்தது. தவளையின் வாய்க்காலுக்கு நான் அதிக மதிப்பெண் தருவேன். உறிஞ்சிகள் கண்ணாடியிலும் மழித்த தோலிலும் நன்றாகப் பிடிக்கும். முடியுள்ள மார்பில் காற்று கசியும் என்பது பழைய ரப்பர் உறிஞ்சுகுமிழ் மின்வாயைப் பயன்படுத்தியவர்களுக்குத் தெரியும். வாய்க்காலுக்கு முடி ஒரு தடையல்ல.

மின்சாரத்தையும் ஒட்டையும் ஒரே பொருளில் தரும் முயற்சியும் உண்டு. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஜியான்யோங் ஓயாங் குழு 2020இல் பெடாட் என்ற மின்கடத்தும் பாலிமரோடு பாலியூரித்தேனையும் சார்பிட்டாலையும் கலந்து, ஜெல் இல்லாமலே வறண்ட தோலிலும் ஈரத் தோலிலும் ஒட்டும் மின்வாயைத் தந்தது. சார்பிட்டால் சர்க்கரையில்லா மிட்டாயில் சேர்க்கும் பொருள்தான், அது படலத்தை இளக்கி ஒட்டவைக்கிறது. நீரில் கரையவும் கரையும். இரண்டு நாள் வியர்வைக்குப் பிறகு படலத்தில் அது எவ்வளவு மிச்சம் இருக்கும் என்பதே இத்தகைய கலவைகளிடம் நான் கேட்கும் முதல் கேள்வி. 'உலர் மின்வாய்' என்ற பேச்சையும் ஒரு சிட்டிகை உப்போடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒட்டிச் சில நிமிடத்தில் தோலின் வியர்வையே அதற்கு ஜெல்லாகிவிடுகிறது. மணிக்கட்டுக் கடிகாரத்தில் ஈசிஜி எடுப்பவர்கள் விரல் மிக வறண்டிருந்தால் படம் சரியாக விழுவதில்லை என்பதைக் கவனித்திருப்பார்கள்.

நன்றாகவே ஒட்டி நின்றும் பொய் சொல்லும் நிலையும் ஒன்று இருக்கிறது. பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரண்டு மின்வாய்களின் ஜெல்லை வழிந்தோடும் வியர்வை இணைத்துவிட்டால், இடையே உப்புநீர்ப் பாலம் விழுந்துவிடும். ஈசிஜி அலை குட்டையாகும், மருத்துவர் அதை நோய் என்று படிக்கவும் கூடும். கடல்நீரில் மூழ்குபவரிடம் இது முழு வடிவத்தில் வரும், மூடாத ஜெல் மின்வாய் அங்கே கிட்டத்தட்டப் பயனற்றது. கி சோன் குழு கார்பன் கரியைச் சிலிக்கோன் ரப்பரில் கலந்து நீரை வெறுக்கும் மின்வாய் செய்தது இதற்காகத்தான். நிலத்தில் நடப்பவருக்கு எளிய வழி போதும். ஜெல்லைச் சுற்றி நீர் புகாத, இடைவெளியற்ற ஒரு வளையம், அதற்கு வெளியே துளையிட்ட ஒட்டு. உள்ளே ஈரம் வெளியேறக் கூடாது, வெளியே ஈரம் தங்கக் கூடாது. வயரை மார்பில் ஒரு வளைவு விட்டு டேப்பால் நிறுத்துவதையும் வடிவமைப்பின் பகுதியாகவே கருதுங்கள். உரிதல் எப்போதும் ஓரத்தில்தான் தொடங்கும். கூர்முனைகளை வட்டமாக்குவதும் ஓரத்தை நடுவைவிட மெல்லியதாக்குவதும் செலவில்லாத வேலை.

கடைசியாகச் சோதனை. ஒருமுறை ஒட்டி எறியும் ஈசிஜி மின்வாய்க்கான அமெரிக்கத் தரம், இசி 12, பத்து ஹெர்ட்ஸில் சராசரி மின்மறுப்பு இரண்டு கிலோஓமுக்கு மேல் போகக் கூடாது என்கிறது, நேர்மின்னழுத்த வேறுபாடு 100 மில்லிவோல்ட்டைத் தாண்டக் கூடாது என்கிறது. நல்ல எண்கள். ஆனால் இரண்டு மின்வாய்களின் ஜெல்லை முகத்துக்கு முகம் ஒட்டி அவற்றை அளக்கிறார்கள். நடுவில் தோல் இல்லை, வியர்வையும் இல்லை. பசையின் வலுவையோ பெரும்பாலும் பளபளப்பான எஃகுத் தகட்டில் ஒட்டி, உரித்து அளக்கிறார்கள். எஃகு வியர்க்காது, செல்களை உதிர்க்காது, மூச்சு விடும்போது விரிந்து சுருங்காது. நான் பார்த்த கொள்முதல் குறிப்புகளிலும் விட்டம், ஜெல் வகை, பாக்கெட்டுக்கு எத்தனை, விலை என்ன என்பவைதான் இருக்கும். வியர்க்கும் தோலில் எத்தனை மணி நேரம் என்று ஒரு வரி இருக்காது.

இந்த ஒரு வரியைச் சேர்க்கத் தேவையான சோதனை கடினமானதல்ல. நெறிமுறைக் குழுவின் அனுமதியோடு, ஒப்புதல் தந்த தன்னார்வலர்களின் மார்பில் மின்வாய்களை ஒட்டி, சூடான ஈர அறையில் டிரெட்மில்லில் நடக்கவிடுங்கள். பிறகு ஒரு நாள் அவர்கள் வேலையைப் பார்க்கட்டும். மின்மறுப்பையும் அடிக்கோட்டின் அலைச்சலையும் தொடர்ந்து பதிவு செய்யுங்கள். தூக்கிய ஓரத்தை ஒளிபுகும் தாளில் வரைந்து பரப்பை அளந்துகொள்ளுங்கள். உரித்தெடுத்த பின் தோல் எவ்வளவு சிவந்திருக்கிறது, எவ்வளவு நீரை இழக்கிறது என்றும் பாருங்கள். அதற்கான கருவிகளில் பெரும்பாலானவை இந்தத் துறையிலேயே இருக்கின்றன. சென்னையில் மே மாதத்தில் செய்தால் ஈர அறை கூட வாடகைக்கு எடுக்க வேண்டியிருக்காது.